சாதிக்காய்த் தீவுகளில் பத்து நாட்கள்

நம் பக்கத்து வீடுகளில் குழந்தை பிறந்தால் உரைகல்லைத் தேடி எடுத்துக் கழுவி வைப்பது வழக்கம். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் ஆகியவற்றை அக்கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து, சங்கில் எடுத்துக் குழந்தைக்குப் புகட்டுவார்கள். எங்கள் மக்கள் மூவரும் அவ்வுரைமருந்து உண்டு வளர்ந்தவர்களே. பெருநாள் பிரியாணியும் சாதிக்காயும் சாதிபத்திரியும் இன்றி மணப்பதில்லை. ஆயினும் அந்தக் காய் எந்த மண்ணில் விளைந்தது, யார் கை அதைப் பறித்தது என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் என்பதற்கு மேல் அறியவேண்டிய தேவையும் எழவில்லை.

அதன் பிறப்பிடத்தையே கண்ணால் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எங்களுக்குக் கிட்டியது. இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று தமிழ்த்துறையினர் அன்புடன் பணித்தபோது, இலக்கியக் கட்டுரை ஒன்றே பொருத்தம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் நறுமணப் பொருளைத் தேடிச் சென்ற அப்பயணம் மொழியைப் பற்றிய பாடமாக முடிந்தது. ஆதலின் அதனையே மாணவச் செல்வங்கள் முன்னும் ஊர்ப் பெரியோர்கள் முன்னும் வைக்கத் துணிந்தோம்.

தமையனாரின் அழைப்பு

நாங்கள் கணவன் மனைவி இருவரும் நாகூரைச் சேர்ந்தவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் குடும்பத்தின் மூத்தவரான தமையனார் 1970ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறிப் பினாங்கு சென்றார். அக்கப்பல் கரைக்கு வராது. கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்று ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்த கதையை அவர் ஊர் வரும்போதெல்லாம் சொல்வார். வாப்பா கரையில் நின்று துண்டை அசைத்தது கண்ணைவிட்டு மறையவில்லை என்பார்.

பினாங்கில் ஒரு கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்த அவர், பின்னாளில் நறுமணச் சரக்குக் கடை ஒன்றைச் சொந்தமாகவே தொடங்கினார். அந்நகரில் சாதிக்காய்ச் சாறும், அக்காயின் சதைப்பற்றைச் சர்க்கரையில் ஊறவைத்துச் செய்யும் தின்பண்டமும் பெயர்பெற்றவை. 1790களின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் பண்டாத் தீவுகளிலிருந்து நாற்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டதன் விளைவு அது. நாற்பது ஆண்டுகள் சாதிக்காயை நிறுத்து விற்ற தமையனார்க்கு, அதன் தாய்மண்ணை ஒருமுறை காணவேண்டும் என்ற ஆசை முதுமையில் வந்தது. அம்போன் நகரிலிருந்து புறப்பட்டுப் பண்டாத் தீவுகள் வழியாகக் கெய்த் தீவுகள் வரை செல்லும் சிறு கப்பலொன்றில் மூன்று இடங்களைப் பதிவு செய்துவிட்டே எங்களை அழைத்தார். "தனியாகப் போக மனமில்லை தம்பி. நீங்கள் இரண்டு பேரும் வந்தால், பார்ப்பதை நம் மொழியில் பேசிக்கொண்டே போகலாம்" என்றார்.

அவர் சொன்ன அந்தக் கடைசிச் சொற்றொடர் எங்களைச் சற்றே சுட்டது. காரணம், அவருக்கும் எங்களுக்கும் இடையே இருந்த ஒரே மனத்தாங்கல் அம்மொழியைப் பற்றியதுதான். அவருடைய மக்கள் தமிழ் பேசுவார்கள்; படிக்க அறியார்கள். பேரப்பிள்ளைகளுக்கோ பேச்சும் இல்லை. மலாயும் ஆங்கிலமும் அவர்கள் நாவில் நடமாடுகின்றன. நாங்கள் அரிச்சுவடிகளையும் கதைப் புத்தகங்களையும் அஞ்சலில் அனுப்பியதுண்டு. அடுத்த முறை சென்றபோது அவை அனுப்பிய உறை பிரியாமலே அலமாரியின் மேல் இருந்தன. கேட்டதற்கு, "பிழைப்புக்கு எது வேண்டுமோ அதைப் படிக்கிறார்கள், இதில் என்ன குறை?" என்று சிரித்துவிட்டார். அதன்பின் நாங்களும் அப்பேச்சை எடுப்பதில்லை.

கலம் புறப்பட்டது

எங்களை ஏற்றிச் சென்ற கலம் பினிசி எனப்படும் மரக்கப்பல். சுலவேசித் தீவின் தென்பகுதியில் வாழும் தச்சர்கள், வழிவழியாகக் கைவந்த அறிவைக் கொண்டு கடற்கரை மணலிலேயே இத்தகைய கலங்களைக் கட்டுகிறார்கள். அத்தொழிற்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றுப் பட்டியலிட்டது. எங்கள் கலத்தில் பயணிகள் பதினெட்டுப் பேரே. ஐரோப்பியர் பலர், அவர்களுள் ஹாலந்து நாட்டு முதிய தம்பதியர் ஒருவர். ஜாவாவைச் சேர்ந்த வரலாற்றுப் பேராசிரியை ஒருவர் ஒவ்வொரு மாலையும் மேல்தளத்தில் அமர்ந்து, மறுநாள் காணவிருக்கும் இடத்தைப் பற்றி விளக்கவுரை ஆற்றுவார். பெரிய கப்பல்கள் ஒதுங்க இயலாத சிறு துறைகளிலும் அக்கலம் நின்றது. இறங்கினால் ஊர், ஊரில் மனிதர்கள். அவ்வகைப் பயணத்தின் பயன் அதுவே என்பதை விரைவில் உணர்ந்தோம்.

மாலுமிகளுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மேல்தளத்தின் பின்புறத்தில் பாய் விரித்துத் தொழுவார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வோம். கடலில் கலம் திரும்பிக்கொண்டே இருக்கும் ஆதலால் தொழுகைக்கு முன் சுக்கான் பிடிப்பவர் கையை நீட்டித் திசையைக் காட்டுவார். ஊரிலே நாம் மேற்கு நோக்குவது போலவே அங்கும் மேற்கு. ஊரிலிருந்து அத்தனை தொலைவு கிழக்கே சென்றும் முகம் திரும்பும் பக்கம் மாறவில்லை என்பதில் தமையனார் சிறுபிள்ளை போல் மகிழ்ந்தார்.

தீமலையும் சாதிமரமும்

ஓர் இரவும் அடுத்த நாள் முற்பகலும் ஓடியபின், கடலிலிருந்து கூம்பாக எழுந்து நின்ற மலையொன்று தெரிந்தது. அறுநூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அதன் பெயரே குனுங் அப்பி, அதாவது தீமலை. 1988ஆம் ஆண்டில் அது குமுறியபோது வழிந்தோடிய எரிகுழம்பு இன்றும் கரும்பாறையாகக் கடல்வரை கிடக்கிறது. அதன் எதிரே குறுகிய கால்வாய் போன்ற கடலுக்கு அப்பால் நெய்ராத் தீவும், அருகே பிறைபோல் வளைந்த லொந்தோர்த் தீவும் உள்ளன. சற்றுத் தொலைவில் ஆய், ருன், ஹத்தா முதலிய சிறு தீவுகள். பத்துப் பன்னிரண்டு துண்டு நிலங்கள். பண்டா என்பது இவ்வளவே. உலகத்துச் சாதிக்காய் முழுவதும் நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் துண்டு நிலங்களிலிருந்தே சென்றது என்றால் எவர்க்கும் நம்ப அரிதாகவே இருக்கும்.

லொந்தோரில் சாதிக்காய்த் தோப்பு ஒன்றில் இறங்கி நடந்தோம். வானளாவிய கெனாரி மரங்கள் நிழல் விரிக்க, அவற்றின் கீழே சாதிமரங்கள் குளிர்ந்து நிற்கின்றன. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு, பெண்மரமே காய்க்கும். நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் சிறு கூடையைப் பொருத்தி, அடிபடாமல் பழத்தைப் பறிக்கிறார்கள். வெளிர்மஞ்சள் நிறப் பழம் முதிர்ந்ததும் தானே இரண்டாக வெடிக்கிறது. உள்ளே கரிய கொட்டை. அதைச் சுற்றிச் செந்நிறப் பட்டுவலை போல் சாதிபத்திரி. கொட்டையை உலர்த்தி உடைத்தால் உள்ளிருப்பது நாம் உரைகல்லில் உரைக்கும் சாதிக்காய். தமையனார் ஒரு பழத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "நாற்பது வருடம் விற்றேன். மரத்திலே இப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கும் என்று தெரியாது" என்றார்.

கோட்டைகள் சொல்லும் கதை

நெய்ராவில் இரண்டு கோட்டைகள் உள்ளன. கரையருகே இடிந்து கிடப்பது நாசாவ். 1609இல் டச்சுக்காரர் கட்டியது. மேட்டின்மேல் ஐந்து முனைகளோடு நிமிர்ந்து நிற்பது பெல்ஜிகா, 1611இல் எழுந்தது. பேராசிரியை எங்களை முதலில் அழைத்துச் சென்றது இரண்டுக்கும் அன்று. பரிகி ரந்தே என்னும் கிணற்றடிக்கு. சங்கிலிக் கிணறு என்பது அதன் பொருள். அங்கே கல்லில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அப்பெயர்களின் வரலாறு இதுதான். பண்டா மக்களுக்கு அரசன் இல்லை. ஓராங் காயா எனப்படும் ஊர்ப்பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். ஜாவானியர், மலாய்க்காரர், அரபியர், குஜராத்தியர் என எவர் வந்தாலும் அவர்களோடு வணிகம் செய்வார்கள். 1512இல் போர்ச்சுகீசியர் வந்தனர். நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் வந்தனர். தங்களுக்கு மட்டுமே விற்கவேண்டும் என்பது டச்சுக் கும்பனியின் கோரிக்கை. அரிசிக்கும் துணிக்கும் வெளியாரை நம்பியிருந்த தீவினர்க்கு அது கழுத்தில் விழுந்த கயிறு. 1609இல் பேச்சுக்கு வந்த டச்சுத் தளபதி வெர்ஹூவனைத் தீவினர் கொன்றனர். அந்தக் கப்பற்படையில் வந்திருந்த இளம் வணிகர் யான் பீட்டர்சூன் கூன், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1621இல், கும்பனியின் தலைமை ஆளுநராகப் பெரும்படையோடு திரும்பினார். ஊர்கள் எரிந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் ஊர்ப்பெரியவர்கள் 44 பேர் நாசாவ்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, கூலிக்கு அமர்த்தப்பெற்ற ஜப்பானிய வீரர்களின் வாளால் வெட்டுண்டனர். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியவர்கள் ஓராயிரம் பேர் அளவே என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். பட்டினியால் மாண்டவர்கள் பலர். பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கானோர். படகேறித் தப்பியவர்கள் சிலர்.

மறுநாள் ருன் தீவையும் கண்டோம். மூன்று கிலோமீட்டர் நீளம். ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த அகலம். ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிய இத்தீவை, 1667ஆம் ஆண்டின் பிரெடா உடன்படிக்கையின்படி டச்சுக்காரர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அமெரிக்காவில் தாம் இழந்திருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமே இருக்க இசைந்தனர். இன்று மன்ஹாட்டனில் விண்முட்டும் மாளிகைகள். ருன் தீவிலோ முற்றத்தில் பாய் விரித்துச் சாதிக்காயை உலர்த்திக்கொண்டிருந்த தாய்மார்கள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள்.

இரவு உணவின்போது நேர்ந்தது

இதுவரை கூறியது எல்லாப் பயணிகளும் அறிந்து திரும்பும் செய்தி. எங்களுக்கு நேர்ந்தது வேறொன்று.

பேராசிரியை ஒரு மாலை துணி வணிகத்தைப் பற்றிப் பேசினார். தீவினர் வெள்ளிக்காசைவிட இந்தியத் துணியையே பெரிதும் விரும்பினர். ஆதலால் சாதிக்காயும் கிராம்பும் வாங்கவேண்டுமாயின் முதலில் சோழமண்டலக் கரையில் துணி வாங்கவேண்டும் என்பதை டச்சுக்காரர் கண்டுகொண்டனர் என்றார். சோழமண்டலக் கரை மொலுக்கஸ் தீவுகளின் இடக்கை போன்றது என்று ஹெண்ட்ரிக் பிரௌவர் என்னும் டச்சு அதிகாரி 1612இலேயே எழுதியதையும் எடுத்துச் சொன்னார். தேவனாம்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் என்ற பெயர்களை அந்தக் கடலின் நடுவே பிறர் வாயால் கேட்டபோது எங்களுக்கு மெய் சிலிர்த்தது. தமையனார்க்கோ பெருமை பிடிபடவில்லை. உணவு மேசையில் எதிரே அமர்ந்திருந்த ஹாலந்து முதியவரிடம், "நாங்கள் துணி கொண்டுவந்து கொடுத்தோம். நீங்கள் வாள் கொண்டுவந்தீர்கள்" என்று ஆங்கிலத்தில் கூறிவிட்டார். அவர் மறுமொழி சொல்லவில்லை. சற்றுநேரம் தட்டைப் பார்த்திருந்துவிட்டு, தாம் சிறுவராக இருந்தபோது பள்ளிப் புத்தகத்தில் கூன் ஒரு வீரராகவே இருந்தார் என்றும், இந்தக் கிணற்றைப் பற்றி யாரும் தமக்குச் சொல்லவில்லை என்றும் மெல்லக் கூறினார். மேசையில் பேச்சு அற்றுப்போயிற்று.

அடுத்த மாலை பேராசிரியை எஞ்சிய பாதியைச் சொன்னார். தீவினரை அழித்தபின் தோப்புகளில் வேலை செய்ய ஆளில்லை. கும்பனி நிலத்தைப் பங்கு பிரித்துத் தோட்டக்காரர்களுக்கு வழங்கியது. உழைக்க அடிமைகளைப் பல கரைகளிலிருந்தும் திரட்டியது. அக்கரைகளுள் ஒன்று சோழமண்டலம். 1620களின் தொடக்கத்திலேயே பழவேற்காடு முதலிய துறைகளில் மனிதர்கள் வாங்கப்பட்டுக் கிழக்கே அனுப்பப்பட்டனர். பஞ்சம் வந்த காலத்தில் பெற்றோரே பிள்ளைகளை விற்றதுண்டு. விற்றுக் கொடுக்க உள்ளூர்த் தரகர்களும் இருந்தனர். துணிப்பொதிகள் ஏறிய துறையிலேயே அவர்களும் ஏறினர்.

அவர் இயல்பாகத்தான் சொன்னார். எங்களைச் சுட்டிச் சொல்லவில்லை. ஆயினும் அவ்விரவு எங்கள் மூவர்க்கும் உறக்கம் வரவில்லை. லொந்தோரின் தோப்புகளில் குனிந்து சாதிக்காய் பொறுக்கியவர்களில் நம் கரையிலிருந்து வந்தவர்களும் இருந்திருக்கக்கூடும். அவர்கள் என்ன மொழியில் அழுதார்கள், என்ன பாடலைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு சுவடும் நாங்கள் காணவில்லை. கடல் வாணிகம் என்றால் வகுப்பறையில் நெஞ்சு நிமிர்த்திப் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். கப்பலில் ஏறிய பொருள்களின் பட்டியலை மாணவர்க்கு மனப்பாடம் செய்வித்தோம். ஏற்றப்பட்ட மனிதர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஹாலந்து முதியவரின் பள்ளிப் புத்தகத்தில் இல்லாதது ஒரு கிணறு. நாங்கள் நடத்திய பாடத்தில் இல்லாதது ஒரு துறைமுகம்.

மறுநாள் விடியலில் தமையனார் இரண்டு கோப்பைத் தேநீரை எடுத்துச் சென்று, தளத்தில் தனியே நின்ற அம்முதியவரிடம் ஒன்றை நீட்டினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்று முதல் பயணம் முடியும்வரை இருவரும் அருகருகே அமர்ந்தே உண்டார்கள்.

நெய்ராவை விட்டு நீங்குமுன் முகம்மது ஹத்தா வாழ்ந்த வீட்டையும் கண்டோம். டச்சு அரசு அவரையும் சுத்தான் ஷாரிரையும் 1936இல் இத்தீவுக்கு நாடுகடத்தியது. 1942வரை இங்கே வைத்திருந்தது. ஹத்தா வரும்போது கொண்டுவந்த உடைமைகளில் பதினாறு பெட்டிகள் நிறைய நூல்கள். கைதியாய் வந்த அவ்விருவரும் தீவுச் சிறுவர்களைக் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் ஹத்தா விடுதலை பெற்ற இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவரானார். ஷாரிர் முதல் பிரதமரானார். சிறைப்பட்ட இடத்தையும் பள்ளிக்கூடமாக்கிய அவ்வீட்டின் திண்ணையில் நாங்கள் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம். ஆசிரியர்கள் அல்லவா!

மொழி வாழும் ஊர்

கலம் கிழக்கு நோக்கி ஒரு பகலும் ஓர் இரவும் ஓடிப் பெரிய கெய்த் தீவை அடைந்தது. 1621இல் படகேறித் தப்பியவர்களுள் ஒரு பகுதியினர் அத்தீவில் குடியேறினர். பண்டா ஏலி, பண்டா ஏலாத் என்ற இரண்டு ஊர்களில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். வியப்பு என்னவென்றால், பண்டாத் தீவுகளில் இன்று பேசப்படுவது மலாய் மொழியின் ஒரு வகை. பழைய பண்டா மொழி அதன் பிறந்த மண்ணில் அற்றுப்போயிற்று. அம்மொழி உயிரோடு இருப்பது ஓடிவந்தவர்களின் இவ்விரண்டு ஊர்களில்தான்.

பண்டா ஏலியில் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு வீட்டு முன்றிலில் எங்களை அமர்த்தினார்கள். இளநீரும் கிழங்கும் வந்தன. எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். முன்னோர் கடல் கடந்து வந்த பயணத்தைக் கூறும் பழம்பாடல்களை அறிந்தவர் அவர் என்றார்கள். மெல்லிய குரலில் பாடினார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இடையிடையே நெய்ரா, லொந்தோர் என்ற பெயர்கள் வந்தபோது எங்கள் உடல் குலுங்கியது. மூன்று நாள் முன்பு நாங்கள் நடந்த மண் அது. அம்மூதாட்டியோ அதைக் கண்ணால் கண்டதே இல்லை.

பாடல் முடிந்ததும் தமையனார் மலாயில் கேட்டார்: "நானூறு ஆண்டுகளாக இந்த மொழியை எப்படிக் காப்பாற்றினீர்கள்? உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததா, புத்தகம் இருந்ததா?"

மூதாட்டி அவரைச் சற்றுநேரம் பார்த்தார். கேள்வி அவர்க்கு விந்தையாக இருந்தது போலும். "வீட்டில் பேசினோம்" என்றார். அவ்வளவே. பின்பு எதையோ நினைத்துக்கொண்டவராய், இப்போது பேரப்பிள்ளைகள் வெளியூர் சென்று படிக்கிறார்கள், திரும்பி வரும்போது மலாயில்தான் பேசுகிறார்கள் என்று சொல்லி, முன்றிலில் விளையாடிய சிறுமி ஒருத்தியை அழைத்துத் தம் மொழியில் ஏதோ கடிந்தார். அவள் சிரித்துக்கொண்டே அம்மொழியிலேயே விடை சொல்லிவிட்டு ஓடினாள்.

படகில் கலத்துக்குத் திரும்பும்போது தமையனார் பேசவில்லை. கரை மறையும்வரை அந்த ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "தம்பி, நம்மை யாரும் வாளைக் காட்டி விரட்டவில்லை. வாப்பா துண்டை அசைத்துத்தான் அனுப்பினார். ஐம்பது வருடத்தில் நான் தொலைத்துவிட்டேனே" என்றார். நாங்கள் என்ன ஆறுதல் கூறுவது? எங்கள் பேரன் சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு படிப்பதை அவரிடம் அதுவரை மறைத்து வைத்திருந்தோம். அன்று அந்தப் படகில் சொன்னோம். குறை கூறும் தகுதி எங்களுக்கு இருந்ததாக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது அத்துடன் நீங்கியது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஊர் திரும்பிய பின்

பயணம் முடிந்து சில வாரங்களில் பினாங்கிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பழைய அரிச்சுவடிகள் கறையான் அரித்துப் போயின. வேறு கிடைக்குமா என்று தமையனார் கேட்டார். அனுப்பினோம். பேரப்பிள்ளைகள் நால்வரில் ஒருத்தி மட்டும் இரவு உணவுக்குப் பின் பாட்டனாரோடு அமர்கிறாள் என்றும், மற்ற மூவர்க்கும் நேரமில்லை என்றும் பிறகு அறிந்தோம். ஆறு மாதம் கழித்து அவளே எழுதிய கடிதம் ஒன்று வந்தது. நான்கு வரி. சிறிய ரகரமும் பெரிய றகரமும் இடம் மாறியிருந்தன. எங்கள் பெயரிலேயே ஒரு பிழை. ஆயுள் முழுவதும் சிவப்பு மையால் திருத்திய கைகள் எங்களுடையவை. அக்கடிதத்தில் மட்டும் பேனாவை வைக்கவில்லை. எங்கள் பேரனும் விடுமுறைக்கு வந்தால் இப்போது எங்களிடம் தமிழில்தான் பேசவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அவன் முணுமுணுக்கிறான், ஆயினும் தமிழில்தான் முணுமுணுக்கிறான்.

மாணவச் செல்வங்களே! தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியை இத்துறையின் வாயிலிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அக்கேள்விக்கு விடையாக நெடிய சொற்பொழிவு ஆற்றும் துணிவு எங்களுக்கு இப்போது இல்லை. வீடு எரிய, பெரியவர்கள் வெட்டுண்ண, படகேறி ஓடிய மக்கள் தம்முடன் எடுத்துச் சென்றவற்றுள் நானூறு ஆண்டு நிலைத்தது அவர்கள் பேச்சு என்பதை மட்டும் சொல்கிறோம். நம் கரையிலிருந்து அதே கடலில் அடிமைகளாய்ச் சென்றவர்களுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை என்பதையும் நினைவூட்டுகிறோம். அவர்களுக்கு வாய்க்காதது, எளிதாய், விலையின்றி, நம் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது.

பெரியோர்களே! நம் ஊர்களில் கடல் கடந்து சென்ற உறவினர் இல்லாத வீடில்லை. அவர்களுக்குத் தின்பண்டமும் ஊறுகாயும் கட்டி அனுப்புகிறோம். அவர்களுடைய பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஆங்கிலத்தில் பேசி மகிழ்விக்காமல், நம் மொழியில் நாலு சொல் பேசி அனுப்புங்கள். பள்ளியும் புத்தகமும் பின்னர் வரட்டும்.

தமையனார் லொந்தோரில் வாங்கிய சாதிக்காய்களில் ஒன்றை எங்களுக்குத் தந்தார். சென்ற ஆண்டு எங்கள் இளைய மகளுக்கு மகன் பிறந்தபோது உரைகல்லைக் கழுவி அதையே உரைத்தோம். உரைத்தபடியே அந்தக் காய் வந்த வழியை, கிணற்றில் பொறித்த பெயர்களை, பெயரே இல்லாமல் போனவர்களை, முன்றிலில் பாடிய மூதாட்டியை எங்கள் மகளுக்குத் தமிழில் சொன்னோம். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள்.